பெயிலாகாத பெரிய மனிதர்

பட்டமளிப்பு விழா நாளில் கெடுபிடி அம்மாளுக்குத் தலைவலி வருவது வழக்கம். தேர்வுப் பிரிவு அலுவலகம் விழா அரங்கத்துக்கு நேர் பின்னால் இருந்தது. ஜன்னலை இழுத்துச் சாத்தினாலும் மைக் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். முப்பத்தொரு வருடத்தில் முப்பத்தொரு சிறப்பு விருந்தினர்கள் 'சிறகை விரியுங்கள்' என்று தொண்டை கிழியக் கத்தியதை அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டு முடித்துவிட்டாள். கத்தியவர்கள் பூங்கொத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுவார்கள். சிறகு விரித்தவர்களோ அடுத்த வாரமே நடந்து வந்து கவுண்டரில் நின்று, "மேடம், மார்க் ஷீட்டைத் தொலைச்சிட்டேன்" என்று தலையைச் சொறிவார்கள்.

கெடுபிடி என்பது மாணவர்கள் வைத்த பெயர். அவளுக்கும் அது தெரியும். படிவத்தில் தேதி விட்டுப்போயிருந்தால் திருப்பி அனுப்புவாள். கசங்கியிருந்தால் திருப்பி அனுப்புவாள். கிழிந்து ஒட்டியிருந்தால் கையால் தொடக்கூட மாட்டாள், பேனா முனையால் தள்ளிவிடுவாள். இதையெல்லாம் எதற்குச் செய்கிறாள் என்று கேட்டால் பதில் சொல்லவும் மாட்டாள். பதில் என்ன பெரிய பதில், முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பிரிவிலிருந்து ஒரு தப்பான காகிதம் வெளியே போனதில்லை.

அந்தக் கல்லூரியில் விழாவன்று மேடையில் கொடுக்கும் பச்சை அட்டை உறைக்குள் ஒன்றும் இருக்காது. வெறும் உறை. மூன்று வருடம் படித்து, கறுப்பு அங்கியை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, அப்பா அம்மா கைதட்ட, காலி உறையை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். நிஜச் சான்றிதழ் தேர்வுப் பிரிவின் இரும்புப் பீரோவில் இருக்கும். பிறகு ஒரு நாள் வந்து பேரேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உறை காலி என்பதால், ஒரே ஒரு தாளில் பெயிலானவர்களையும் பெரிய மனசு பண்ணி மேடையேற்றிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு எந்த உறை காலி, எந்த உறை சுத்தமாகவே காலி என்று தெரியவா போகிறது.

இந்த வருடம் அப்படி மேடையேறியவர்கள் முப்பத்தேழு பேர். அதில் ஒருத்தி கெடுபிடி அம்மாளின் மகள். புள்ளியியலில் முப்பத்திரண்டு மார்க்.

அடுத்த வருடத்திலிருந்து பாடத்திட்டம் மாறுகிறது. பழைய பாடத்துக்கு இதுதான் கடைசி மறுதேர்வு. விட்டால் மூன்றாம் வருடம் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் இன்று, கடைசி நேரம் மாலை ஐந்து மணி. படிவத்தை நிரப்பி எடுத்து வந்து, எழுத்தர் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எழுத்தர் பெற்ற தாயாகவே இருந்தாலும், வீட்டில் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுக்கொடுக்க முடியாது. ஒரு மாதமாக அவள் காலையும் மாலையும் சொல்லிவிட்டாள். "போடறேம்மா, போடறேம்மா" என்று மகள் ஒரு மாதமாக ஒரே பாட்டு. கடைசியில், "விழா முடிஞ்சதும் நேரா வந்து போட்டுடறேன், போதுமா?" என்றாள். நிரப்பிய படிவம் மகளுடைய பையில்தான் இருந்தது.

இந்த வருடத்து விருந்தினர் நாற்காலிக்காரர். பிளாஸ்டிக் நாற்காலித் தொழிற்சாலை முதலாளி, தன்னம்பிக்கைப் பேச்சாளர், 'தோற்றவனுக்கே நாற்காலி' என்ற புத்தகத்தை எழுதியவர். இதே கல்லூரியில் படித்தவராம். அரங்கத்துக்கு ஆயிரம் நாற்காலி இனாமாகக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் முகம் அச்சாகியிருந்தது. முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் சிரித்துக்கொண்டே இருப்பார், தப்பிக்க வழியே கிடையாது.

இரண்டரை மணிக்குப் பேச ஆரம்பித்தார்.

"நான் உங்களை மாதிரி புத்திசாலி இல்ல! நான் இதே காலேஜ்ல பெயிலானவன்!"

அரங்கம் அதிர்ந்தது. எதற்கு இந்தக் கைதட்டல் என்று கெடுபிடி அம்மாளுக்கு விளங்கவில்லை. பாஸானேன் என்று சொன்னவனுக்கு இந்த ஊரில் யாரும் இப்படித் தட்டியதில்லை.

"நோட்டீஸ் போர்டுல என் நம்பர் இல்ல. திரும்ப எழுதுன்னு ஒரு பாரத்தைக் கையில குடுத்தாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நாலாக் கிழிச்சேன்! இந்த கேட்டைத் தாண்டி நேரா எங்க மாமா ஃபேக்டரிக்குப் போனவன் திரும்பிப் பாக்கல! அன்னிக்குப் பாஸானவங்க இன்னிக்கு எங்கிட்ட மேனேஜரா இருக்காங்க. நீங்க உக்காந்திருக்கற நாற்காலி யாருது? சொல்லுங்க, யாருது?"

"உங்களுது!" என்று அறுநூறு பட்டதாரிகள் கத்தினார்கள். மூன்று வருடம் கல்வி கொடுத்த பலன், தான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சரியாகச் சொல்லத் தெரிந்திருந்தது.

மூன்றரை மணிக்குப் பேச்சு முடிந்தது. கெடுபிடி அம்மாள் மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையைத் துடைத்து வைத்துக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வருடமும் கடைசி நாள் மதியம்தான் கூட்டம் நெருக்கும். இன்று ஒரு ஈ காக்கை இல்லை.

மகள் வந்தாள். கறுப்பு அங்கி, அழுது வீங்கிய கண், பின்னால் இரண்டு தோழிகள். ஒருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"வா, வா. பேனா இந்தா" என்றாள் அம்மா.

"நான் எழுதப் போறதில்லம்மா."

"எதை?"

"மறுதேர்வை. எனக்கு இப்பத்தான் எல்லாம் தெளிவா தெரியுது. நாங்க மூணு பேரும் சேந்து கம்பெனி ஆரம்பிக்கப் போறோம்."

"என்ன கம்பெனி?"

"அது இன்னும் முடிவு பண்ணல. மொதல்ல மனசு தயாராகணும்னு சார் சொல்லியிருக்கார்."

"அந்தாளுக்கு மாமா வீட்டுல ஃபேக்டரி இருந்துச்சுடி. உனக்கு இருக்கற மாமன் கொரியர் தூக்கறான்!"

"உனக்கு எல்லாமே கிண்டல்தாம்மா. சட்டம், முத்திரை, இதத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். கெடுபிடி அம்மாள் கவுண்டருக்கு மேல் எட்டிப் பிடிப்பதற்குள் அது இரண்டாகி, நாலாகிவிட்டது. செல்போன்காரி, "சூப்பர்டி, ஒரே டேக்!" என்றாள். மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிற போக்கில் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள் மகள். எப்போதாவது சுயசரிதை எழுதும்போது உதவும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஜன்னலைத் திறந்து பார்த்தால் புல்வெளியில் கிழிப்பு விழாவே நடந்துகொண்டிருந்தது. ஒருவன் கிழிக்க, நாலு பேர் படமெடுக்க, சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். முட்டாள்களா, அடி முட்டாள்களா என்று வாய்விட்டே திட்டினாள். ஒரு புதுப் படிவத்தை எடுத்து மகள் பெயர், எண், பாடம் எல்லாம் மளமளவென்று எழுதினாள். கையெழுத்து இடம் மட்டும் மிச்சம். மகளின் கையெழுத்து அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரியும். பேனாவை அந்தக் கோட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அந்தக் கை அதற்கு வளையவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கதவு திறந்தது. கல்லூரி முதல்வர் உள்ளே வந்தார். பின்னாலேயே நாற்காலிக்காரர். மைக் இல்லாமல் பார்த்தால் ஆள் குள்ளம்தான்.

"அம்மா, சாரோட பழைய மார்க் பேரேட்டுப் பக்கத்தை ஒரு போட்டோ எடுக்கணுமாம். அடுத்த புத்தகத்தோட அட்டைக்கு" என்றார் முதல்வர்.

"பெயில்னு சிவப்பு மையில எழுதியிருப்பாங்கல்ல, அது நல்லாத் தெரியணும்" என்றார் நாற்காலிக்காரர்.

அது அவருடைய பக்கம், அவர் கேட்கிறார், காட்டலாம். வருடத்தையும் எண்ணையும் கேட்டு, கீழ் அடுக்கிலிருந்து பேரேட்டை இழுத்துத் தூசி தட்டி, பக்கத்தைப் பிரித்து வைத்தாள். அவளே குனிந்து படித்தாள். அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. அறுபத்து நாலு. எழுபத்தைந்து. கடைசி வரை போனாள். சிவப்பு மை எங்கேயும் இல்லை.

"நீங்க பெயிலாகவே இல்லையே" என்றாள்.

"இருக்காது. நல்லாப் பாருங்க. போர்டுல என் நம்பர் இல்ல, நான்தான் என் கண்ணால பாத்தேன்."

குறிப்புப் பத்தியில் அப்போதிருந்த மூத்த எழுத்தரின் பொடிக் கையெழுத்தில் இருந்ததை அவள் நிதானமாகப் படித்தாள். இயற்பியல் ஆய்வகத்தில் வாங்கிய ஸ்டாப் வாட்ச் ஒன்றைத் திருப்பித் தராததால் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றாம் நாள் ஸ்டாப் வாட்ச் ஆய்வகத்து மேசை இழுப்பறையிலேயே கிடைத்துவிட்டதால் முடிவு வெளியிடப்பட்டது. தேர்ச்சி. முதல் வகுப்பு. தகவல் கடிதம் அனுப்பப்பட்டு, விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது.

"அப்ப நான் மாமா வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார் நாற்காலிக்காரர், யாரும் கேட்காமலே.

"மூணு நாள் கழிச்சு வந்து ஒரு தடவ போர்டைப் பாத்திருக்கலாமே?"

கெடுபிடி அம்மாள் விடவில்லை. மறுதேர்வுப் படிவம் கொடுத்த பதிவேட்டையும் எடுத்துப் புரட்டினாள். அந்த எண்ணுக்குப் படிவமே கொடுக்கப்படவில்லை. எதைக் கிழித்தார் இந்த மகான்? இத்தனை வருடம் ஊர் ஊராகப் போய் மேடை மேடையாக இந்த மனிதர் கிழித்துக்கொண்டிருந்தது வாங்காத காகிதத்தை. போர்டை இரண்டாம் தடவை பார்க்கச் சோம்பல்பட்டதைத்தான் 'திரும்பிப் பார்க்காதே' என்று புத்தகமாகப் போட்டு விற்றிருக்கிறார்.

எழுந்து போய் இரும்புப் பீரோவைத் திறந்தாள். அடியில் ஒரு தட்டு, யாரும் வந்து வாங்காத சான்றிதழ்களுக்கு. செத்துப்போனவர்கள், நாடு விட்டுப் போனவர்கள், கல்யாணமாகி மறந்துபோனவர்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ஓரம் பழுத்திருந்தது, மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

"உங்க பட்டம். பேரேட்டுல இங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க."

நாற்காலிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "முதல்ல அதை உள்ள வைங்க" என்றார். "பூட்டுங்க. பதினாலு பதிப்பு போயிருக்கு அந்தப் புத்தகம். நான் முதல் வகுப்புன்னு தெரிஞ்சா எவன் என்னைக் கூப்பிடுவான்?"

பட்டத்தைப் பார்த்துப் பயந்து பின்வாங்கிய ஒரு பட்டதாரியை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். எவ்வளவு கேவலமான பயம். மற்றவர்கள் இந்தக் காகிதத்துக்காக அவள் கவுண்டரில் நாள் கணக்கில் தவம் கிடந்திருக்கிறார்கள்.

"அம்மா, இது இந்த ரூமோட இருக்கட்டும்" என்று முதல்வர் குழைந்தார். புது விடுதிக்குக் கட்டில் தருவதாக நாற்காலிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கெடுபிடி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தைந்து. ஜன்னல் வழியே மகளைப் பார்த்தாள். புல்வெளியில் அங்கியைப் பறக்கவிட்டுக் குதித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் போகப்போகிறது, அதுகூடத் தெரியாமல் குதிக்கிறது சனியன்.

"வாங்கிக்கலைன்னா திரும்பவும் பீரோவுல வெச்சுடுவேன். இருபத்தெட்டு வருஷம் இருந்த மாதிரியே இருக்கும். வெளிய சொல்ற பழக்கம் எனக்கு இல்ல" என்றாள். "ஆனா அங்க முப்பத்தேழு பசங்க உங்க பேச்சைக் கேட்டுப் பாரத்தைக் கிழிச்சுட்டு நிக்குது. அஞ்சு மணிக்குள்ள அதுங்க வந்து இங்க கையெழுத்துப் போடணும். நீங்க போய்ச் சொல்லுங்க."

"நானே இப்பத்தான் கிழிக்கச் சொன்னேன். உடனே எப்படி மாத்திப் பேசறது?"

"உங்களுக்கா தெரியாது?"

"மிரட்டறீங்களா?"

"சட்டத்தைச் சொல்றேன். ஒண்ணு இங்க கையெழுத்து, இல்லன்னா அங்க பேச்சு."

அவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் சுவரைப் பார்த்தார். நாற்காலிக்காரர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு நிமிடத்தில் புல்வெளிப் பக்கம் மைக் கரகரத்தது. கெடுபிடி அம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விருந்தினர் பேச்சைக் கேட்க ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

"நண்பர்களே! ஒரு விஷயம் சொல்லாமப் போயிட்டேன். என் மனசு கேக்கல, திரும்பி வந்துட்டேன். கிழிக்கறது வீரம். யார் இல்லன்னு சொன்னா? ஆனா கிழிச்சதை ஒட்டறது இருக்கே, அது மகா வீரம்! நான் அன்னிக்குக் கிழிச்சுட்டுப் போயிட்டேன். என்னால ஒட்ட முடியல! இன்னிக்கும் ராத்திரி தூக்கம் வராது! நீங்க ஒட்டுங்க! எனக்காக ஒட்டுங்க! அஞ்சு மணிக்குள்ள ஒட்டிக் குடுங்க!"

குரல் உடைந்தது. கர்சீப்பால் கண்ணைத் துடைத்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கிழித்ததற்குத் தட்டிய அதே கைகள், அதைவிடப் பலமாக ஒட்டுவதற்குத் தட்டின. ஒருத்தருக்காவது இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று தோன்றியதா? தோன்றவில்லை. அந்த மந்தையை நினைத்துக் காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. அதே சமயம் அவர்கள் கவுண்டர் பக்கம் திரும்பி ஓடி வருவதைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவளுக்கே அவள் மேல் எரிச்சல் வந்தது.

நுழைவாயில் கடையில் ஒட்டு டேப் தீர்ந்துபோனதாக அப்புறம் சொன்னார்கள். முதல் பையன் நீட்டிய படிவம் எட்டுத் துண்டாக இருந்து டேப்பில் ஒன்றாகியிருந்தது. வழக்கம்போல அவள் பேனா முனையால் தள்ளப் போனாள். "புது பாரம் தரேன், அதுல எழுது" என்றாள்.

"வேணாம் மேடம். ஒட்டினதுதான் வேணும். சார் சொன்னார்." வரிசை முழுக்க, "ஆமா, ஆமா" என்றது.

நாலு முப்பத்தெட்டு. புதுப் படிவம் எழுத வைத்தால் முப்பத்தேழு பேரும் முடியாது. வாதாடினால் இந்த ஜுரம் இறங்கிவிடும், இறங்கினால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கெடுபிடி அம்மாள் கையாலேயே வாங்கினாள். முப்பத்தொரு வருடத்தில் முதல் ஒட்டுப் படிவம். டேப்பில் முத்திரை மை நிற்காது. ஒவ்வொன்றிலும் டேப் இல்லாத இடமாகத் தேடித் தேடிக் குத்தினாள்.

மகள் இருபதாவது ஆளாக வந்தாள். அவளுடைய நாலு துண்டும் கோணல்மாணலாக ஒட்டியிருந்தன.

"உனக்கு நல்ல பாரம் எழுதி வெச்சிருக்கேன். இதுல போடு" என்று அம்மா தணிந்த குரலில் சொன்னாள்.

"வேணாம்மா. நானே கிழிச்சு நானே ஒட்டினது, இதுதான் எனக்கு மதிப்பு." பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். "நீ ஒரு மாசமா இதத்தானே சொன்ன? அப்ப எனக்கு உறைக்கவே இல்ல. அவர் ஒரே நிமிஷத்துல புரிய வெச்சுட்டார்."

"சரி, போடு."

"தான் தோத்ததை இத்தனை பேர் முன்னாடி உண்மையாச் சொல்ற ஆள் எங்கம்மா இருக்காங்க? நீ ஒருத்திதான் அவரை நம்பல. இப்பவாவது ஒத்துக்கோ. நல்ல மனுஷன்தானே?"

பேனா கோட்டுக்கு மேல் நின்றது. மகள் போட மறுக்கவில்லை, ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள். பின்னால் பதினேழு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பேரேட்டுக்கு அடியில் அந்தச் சான்றிதழ் இருந்தது, பழுத்த ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. இழுத்து மேசை மேல் போட்டால் போதும், கதை முடிந்தது. அவர் கதை முடியும், மகளின் கதையும் சேர்ந்து முடியும். ஏமாந்த கோபத்தில் இந்தக் காகிதத்தை எட்டாகக் கிழித்துவிட்டுப் போவாள். நாலு ஐம்பத்தொன்று.

கெடுபிடி அம்மாள் பேரேட்டை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தி, அந்த ஓரத்தை மறைத்தாள்.

"நல்ல மனுஷன்தான்" என்றாள்.

மகள் கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தும்போது அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததை யாரும் கவனிக்கவில்லை. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கையில் முப்பத்தேழாவது படிவமும் விழுந்தது.

கவுண்டர் கதவை இறக்கிய பிறகு மகள் திரும்பி வந்தாள். கையில் ஒரு புத்தகம். "கார்ல ஏறும்போது ஓடிப் போய் உனக்குன்னு கையெழுத்து வாங்கினேன். தேர்வுப் பிரிவுல இருக்கற எங்கம்மாவுக்குன்னு சொன்னதும் எவ்வளவு பெரிசா எழுதிக் குடுத்தார் பாரு!"

அம்மா முதல் பக்கத்தைத் திறந்தாள். 'நம்பிக்கைக்குரிய அம்மாவுக்கு, நன்றியுடன்' என்று இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்து. இருபத்தெட்டு வருடமாகப் பேரேட்டில் காலியாகக் கிடக்கும் கையெழுத்து, இங்கே இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"படிம்மா. உனக்கும் நல்லது."

கெடுபிடி அம்மாள் சான்றிதழை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அதன் மேல் புத்தகத்தை வைத்தாள். பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எழுப்புவேன்" என்றாள் மகளிடம். "புள்ளியியல் புத்தகம் எங்க கிடக்குதுன்னு இப்பவே யோசிச்சு வை."